முப்பத்தொன்றாம் எண்ணின் உறை

சல்லடையக்கா ஒரு சிட்டிகைக் குப்பையை விரலால் தேய்த்துப் பார்த்தே அது யாருடைய பையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். விதை வீட்டில் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளங்கையில் தூசியைக் கொட்டுவார்கள். "இது டிரைவர் அண்ணனோட மலையடிவாரம். செம்மண்ணு. விதை கால்வாசி, மண்ணு முக்கால்வாசி" என்பாள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருப்பாள். அங்கே ராட்சச உருளைகளுக்கிடையில் போர்வைகளைக் கொடுத்து வாங்குகிற வேலை. இருபத்தாறு வருடம். இரண்டே காலுக்குப் பேருந்து பிடித்தால் மூன்று மணிக்கு விதை வீடு. மடிப்புக் கலையாத புடவையோடு வந்து உட்கார்ந்து, ஆறு அளவுச் சல்லடைகளை எட்டும் தூரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, இருட்டும் முன் கிளம்பிவிடுவாள்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் பாக்டரி. சுவர்கள் முழங்கை நீளத் தடிமன். அதனால்தான் கூட்டமைப்பு அதை வாடகைக்கு எடுத்தது. பேருந்து ஓட்டுபவர்கள், தபால்காரர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று நூற்றுச் சொச்சம் பேர் விடுமுறை நாட்களில் காட்டோரங்களிலும் தரிசுகளிலும் அலைந்து, இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகளின் விதைகளைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். கல்லெடுத்து முடித்த குழிகளை மூடுகிற குவாரிகள், சாலைத் துறை, குடிநீர் வாரியம் போன்றவர்கள் அந்த விதைகளை வாங்குவார்கள். விலையில் பத்தில் ஏழு பங்கு சேகரித்தவருக்கு, இரண்டு பங்கு விதை வீட்டுக்கு, ஒரு பங்கு பொது நிதிக்கு. மானியம் வாங்கலாம், ஆனால் வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது. முன்பு ஒரு குவாரிக் கம்பெனி முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டதாம். இரண்டாவது வருடமே எந்தச் செடியை எங்கே எடுக்கலாம் என்று அது கடிதம் போட ஆரம்பித்ததாம். அந்த விதி அப்போது வந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது கூட்டக் குறிப்பு எழுதப் போனதால். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். மூன்று மாத வேலை என்று சொன்னார்கள். மூன்று மாதம் எனக்குத் தோதான நீளம்.

நான் சேர்ந்தபோது சல்லடையக்காவின் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் சொல்வார்கள். மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர். நாள் முழுக்க வீடு வீடாக நடக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையும் நடக்கப் பிடித்தது. கூட்டமைப்பில் அவர் முப்பத்தொன்றாம் எண். வாசலுக்கு எதிரே ஒரு பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை தொங்கும். எண் மட்டும்தான் இருக்கும். ஒருவர் செத்தாலும் வில்லையை எடுக்க மாட்டார்கள், அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள்.

அவர் செத்தது வேலை நேரத்தில். ஒரு வீட்டின் மீட்டரைப் படித்து நோட்டில் எழுதிவிட்டு, அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அரைமணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் பகலில் அவருடைய போன் அலறியது. அக்கா ஏனோ அதைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தால், அலாரம். திரையில் ஒரே சொல்: அவிழ்க்கணும். எதை என்று அவளுக்குத் தெரியவில்லை. அலாரத்தை நிறுத்தினாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. அன்று முழுக்க அது அடித்து அடித்து ஓய்ந்ததை அவள் என்னிடம் சொன்னபோது, கை சல்லடையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது.

விதை வீட்டிலிருந்தும் அவர் இன்னும் போய்விடவில்லை. கூட்டமைப்பின் தலைவி ஓய்வு பெற்ற பல் டாக்டர். முளைப்புச் சோதனை அவர் பொறுப்பு. ஊதாக்குஞ்சம் என்று சேகரிப்பவர்கள் சொல்லும் ஒரு குத்துச்செடி உண்டு. அதன் விதை கடுகில் பாதிதான் இருக்கும், தோலோ கல் மாதிரி. மண்ணில் விட்டால் இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் கண் திறக்கும். டாக்டரம்மா பல் குடைகிற ஊசியால் ஒவ்வொரு விதையின் தோலையும் கீறி ஈரத்துணியில் வைப்பார். கீறினால் ஒன்பது நாள். மீட்டர் கொண்டுவந்திருந்த விதையில் நூறு எண்ணி அவர் சாவதற்கு முந்தின நாள்தான் வைத்திருந்தார்கள். அவர் செத்த எட்டாம் நாள் அந்தத் தட்டு பச்சையாக இருந்தது. நூற்றில் தொண்ணூற்று நான்கு. தட்டின் விளிம்பில் 31 என்று மீட்டரின் கையெழுத்து. அதை அலசப் போட யாருக்கும் மனம் வராமல், வாடித் துவண்டு போகும்வரை ஜன்னலோரம் வைத்திருந்தார்களாம்.

இனி உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்ல விதை கிடைக்கும் இடத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாங்குகிறவர்களுக்கு விதை எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே கூட்டமைப்பு கண்டுபிடித்த வழி இது: ஒவ்வொரு சேகரிப்பாளரும் தன் இடத்தை ஒரு தாளில் எழுதி, நில உரிமையாளர் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து ஓர் உறையில் ஒட்டி, இரும்பு பீரோவில் வைத்துவிட வேண்டும். பைகளில் எண் மட்டும். உயிரோடு இருக்கும்வரை உறையை யாரும் தொடக் கூடாது. இறந்துபோனால், மூன்று மாதம் கழித்து, கணவனோ மனைவியோ கமிட்டியின் முன்னால் பிரிக்க வேண்டும். அந்த இடம் அதற்குப் பிறகு எல்லோருக்கும் பொது.

முப்பத்தொன்றாம் எண்ணின் உறையைப் பிரித்த கூட்டம்தான் நான் குறிப்பெழுதிய முதல் கூட்டம். கூட்டமைப்பின் ஐந்து சேகரிப்புக் குழுக்களிலிருந்து இரண்டிரண்டு பேராகப் பத்துப் பேர் பெஞ்சுகளில் இருந்தார்கள். அக்கா சல்லடைக் கம்பியால் உறையின் ஓரத்தைக் கிழித்தாள். மூன்றாக மடித்த ஒரு தாள். விரித்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு உறையைக் கவிழ்த்து உதறினாள்.

வெற்றுத்தாள். மேல் ஓரத்தில் மட்டும் பேனா முனையை வைத்து அழுத்திய ஒரு புள்ளி. எழுத ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறார். மை பின்பக்கம் வரை ஊறியிருந்தது. அவ்வளவு நேரம் அழுத்தியிருக்கிறார்.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். மீட்டரை மாப்ள, அக்காவைத் தங்கச்சி என்று அழைக்கிற உரிமை அவருக்கு உண்டு. மீட்டர் இருந்த குழுவின் தலைவரும் அவரே. "நம்ம மாப்ள எந்த வீட்டு மீட்டரைப் படிச்சிட்டிருந்தாரோ" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா விதியைப் படித்துக் காட்டினார். மீட்டர் விட்டுப்போனது ஊதாக்குஞ்சம் மூன்று சிறு பை, மொத்தம் இரண்டே கால் கிலோ. அவ்வளவு சின்ன விதைக்கு அது கடல். குடிநீர் வாரியம் ஏரிக்கரைக்காக அதைக் கேட்டிருந்தது. இடம் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். அது குளிர்அறையின் புது மோட்டாராக ஓடிக்கொண்டிருந்தது. இடம் தெரியாவிட்டால் பைகள் சாலைச் சரிவுக்கான கலவையில் போய்விடும். இடம் தெரிந்து, அனுமதியும் இருந்தால் பிரச்சனையே இல்லை. தெரிந்து, அனுமதி இல்லாமல் எடுத்தது என்றால் மட்டும் பலகையிலிருந்து எண் இறங்கிவிடும்.

"வீட்டுல தேடிப் பாரும்மா. கடிதத்தை எதுக்குள்ளயாவது செருகி வச்சிருப்பார். ஒரு மாசம் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அக்கா தேடினாள். அவருடைய சட்டைப் பைகள், சீருடைத் தொப்பியின் உள்தோல், பழைய கணக்கு நோட்டுகள், சைக்கிள் சீட்டின் அடி. ஒரு நாள் சலித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"இன்னொரு வீடு இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லடி. போயி ரெண்டு கேள்வி கேட்டுட்டு வந்திருப்பேன். இப்ப யாருகிட்டப் போயிச் சண்டை போடறது?"

அவளை அரித்தது வேறொன்று. ஊரில் எல்லோருடைய பையையும் அவள்தான் சலித்தாள், கணவருடையதைத் தவிர. அவர் தன் விதையைத் தானே எங்கேயோ சலித்துச் சுத்தமாகக் கொண்டுவந்து வைப்பார். 'கட்டிலில் பாதி கொடுத்த மனுஷன் சல்லடையில் கொடுக்கலையே' என்று விதை வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். கைச் சுத்தக்காரர், தன் வேலையைத் தானே செய்கிறார் என்று பெருமைகூட. இப்போது அந்தச் சிரிப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பை சலிக்காத பை. சனிக்கிழமை வந்து சலிக்கலாம் என்று அவர் குளிர்அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. நான்கு மாதமாக அக்கா அந்த அலமாரியைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவாள். பை மூச்சு விடுகிறது என்று ஒரு முறை சொன்னாள். விதை உயிர்தானே, மூச்சு விடத்தானே செய்யும் என்றேன். "அது இல்ல" என்றாள்.

மாதம் முடிய பதினோரு நாள் இருக்கும்போது அவள் அந்தப் பையைத் தூக்கி வந்து வெள்ளைத் துணியில் கொட்டினாள்.

நான் எதிரில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் சல்லடையில் காயின் ஓடும் காம்பும் நின்றன. இரண்டாவதில் இலைத்துணுக்கு. மூன்றாவதில் கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, இறகு போலக் கனமில்லாத சில உருண்டைகள். அவற்றை விரலில் நசுக்கி, "கரிக்கசடு. பழைய ரயில் எஞ்சின் கொட்டினது" என்றாள். அடுத்ததில் வெள்ளைச் சில்லுகள். நகத்தால் கீறிப் பார்த்தாள். சுண்ணாம்பில்லை, பளிங்கு. கடைசிச் சல்லடைக்கும் கீழே, விதையோடு விதையாகப் போயிருந்த ஒரு சின்னப் பொட்டை விரலை நாக்கில் நனைத்து ஒட்டி எடுத்தாள். தங்க நிறம். கல்லில் எழுத்து வெட்டி அதற்குள் பூசுகிற பெயின்ட்.

ரயில், பளிங்கு, எழுத்து. நான்தான் புதிர் போலக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கூட்ட எதுவும் இருக்கவில்லை. துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"நாளைக்கு என்கூட வா. இடத்தை ரெண்டு பேரு பாக்கணும்னு விதி இருக்கு" என்றாள்.

சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடுகாடு இருக்கிறது. மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் முழுதாக மூடவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்து தங்காத சிசுக்களை மட்டும் அதற்குப் பிறகும் சில வருடங்கள் பின்பக்கம் புதைக்க விட்டிருந்தார்கள். பேருந்தில் போகும்போது அக்கா இதைச் சொன்னாள். இருபத்துமூன்று வருடம் முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். பெயர் யோசித்து வைத்திருந்தார்கள், வைக்கவில்லை. அவளுக்கு அப்போது கடும் காய்ச்சல், படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. மீட்டர் மட்டும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பதிவேட்டில் 'ஆண் குழந்தை, ஒன்பது நாள்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள், இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அந்தப் பக்கம் போகவும் கூடாது என்று சொன்னாள். அவர் சரி என்றார்.

"சரின்னு சொன்னா சரிதான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

வாசலில் சங்கிலி போட்டிருந்தது. கம்பியில் நகராட்சியின் அறிவிப்பு: இடத்தைச் சமன் செய்து லாரி நிறுத்துமிடம் அமைக்கப்படும். பக்கச் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதன் வழியாக உள்ளே போனோம்.

முன்பகுதியில் பளிங்குக் கற்கள் சாய்ந்தும் உடைந்தும் கிடந்தன. பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, கல்லே இல்லாத ஒரு சமதரை. உழாத, மேயாத, யாரும் மிதிக்காத மண். அங்கே ஊதாக்குஞ்சம் இடுப்பளவு வளர்ந்து நின்றது. நாற்பது ஐம்பது செடி இருக்கும். அவற்றில் ஏழெட்டுச் செடிகளின் கிளைகளில் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. காற்றடித்தபோது எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

ஊதாக்குஞ்சத்தின் காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். அதனால் முன்கூட்டியே கிளைக்குத் துணிப்பை கட்டிவைத்து, வெடித்த பிறகு அவிழ்த்து எடுப்பார்கள். கழித்துப்போட்ட ஆஸ்பத்திரிப் போர்வைகளிலிருந்து அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தது அக்கா. ஆஸ்பத்திரியின் நீல முத்திரை சிலவற்றில் இன்னும் இருந்தது. நான்கு மாத மழையில் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. ஒன்றை அவிழ்த்தாள். அடியில் ஒரு பிடி விதை, கறுத்து, கட்டியாகி, புளிப்பு வாடை அடித்தது.

"இதைத்தான் அவிழ்க்கணும்னு அடிச்சிட்டே இருந்திருக்கு" என்றாள்.

எல்லாவற்றையும் அவிழ்த்தாள். அவர் போட்டிருந்த முடிச்சுகளை அறுக்கவில்லை, ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பித் தளர்த்தினாள். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். முடிந்ததும் அந்தச் சமதரையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "எந்த இடம்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதியிருந்தா நான்தானே பிரிச்சுப் படிப்பேன். அதுக்குப் பயந்துட்டு எழுதாம விட்டாரு. இப்ப நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியல."

அவள் கால் மாற்றி நின்றாள். அந்தக் காலையும் எங்கே வைப்பது என்று தெரியாதது போல.

மறுநாள் டிரைவரிடம் அவளே சொன்னாள். குழுத் தலைவரிடம் சொல்லாமல் கமிட்டிக்குப் போக முடியாது. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். தான் அன்று அடித்த கேலி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, என் மலையடிவாரத்துலயும் இதே செடி நாலு நிக்குது. மாப்ள என் இடத்துலதான் எடுத்தார்னு நான் எழுதிக் கொடுத்திடறேன். என்கிட்ட அனுமதி இருக்கு. பை ஏரிக்கரைக்குப் போயிடும், மோட்டாருக்கும் வம்பில்ல, அவர் வில்லையும் தொங்கும். இங்க இருக்கற மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போவுது?"

அது அன்பில் சொன்னது. அதனால்தான் அவளால் உடனே மறுக்க முடியவில்லை. யோசிக்கிறேன் என்றாள். கூட்டம் வரை இருந்த ஒன்பது நாளும் அவள் வேலையில் தப்பு செய்தாள். இரண்டு பேருடைய பைகளைக் கலந்துவிட்டாள், கண்டுபிடித்துத் திரும்பப் பிரித்தாள். சலவைக்கூடத்தில் உருளைக்குள் போர்வையோடு விரலும் போகப் பார்த்ததாம். ஒரு முறை, யாரும் எதுவும் சொல்லாமலே, "எண் என்ன? திரும்பச் சொல்லுங்க" என்று, பையோடு யாரோ வந்து நிற்பது போல வாசல் பக்கம் பார்த்துக் கேட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை.

கூட்டத்தன்று டிரைவர் தன் தாளை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். டாக்டரம்மா, "இடம் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றாள். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை.

"தெரிஞ்சுது. ரயில் கொட்டகைக்குப் பின்னால இருக்கற இடுகாடு. குழந்தைங்க பகுதி. அனுமதி வாங்கல."

டிரைவர் பெஞ்சை உதைத்துக்கொண்டு எழப்போனார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க எழுதித் தர்றேன்னீங்க. நல்ல மனசு. ஆனா ஏரிக்கரையில நாளைக்கு அது வளந்து நிக்கும்போது, மலையடிவாரத்துலேருந்து வந்ததுன்னு பலகை எழுதுவாங்க. அவனுக்குன்னு ஒரு நோட்டுலயும் ஒரு பேரு கிடையாது. இப்ப அவன் இருக்கற மண்ணையும் அடிச்சு எழுதச் சொல்றீங்களா?"

யார் அவன் என்று கமிட்டிக்குத் தெரியாது. அவளே சொன்னாள், நான்கு வாக்கியத்தில், அழாமல்.

விதியைத் தளர்த்த வேண்டுமானால் பத்தில் எட்டுக் கை தூக்க வேண்டும். ஏழு கைதான் உயர்ந்தது. டாக்டரம்மா தூக்கவில்லை. "இவருக்கு மனசு இரங்கித் தளர்த்துவோம். நாளைக்குக் குவாரிக்காரனும் ஒரு கதையோட வருவான்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "தப்பு பண்ணது ஆளுதான், இடமில்ல. இடத்தைப் பொது இடப் பட்டியல்ல ஏத்தறேன். பட்டியல்ல இருந்தா நகராட்சி ஒரு வருஷம் தொட முடியாது, நம்மோட ஒப்பந்தம் இருக்கு. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

குடிநீர் வாரியத்துக்குக் குறைந்த விதையை ஐந்து குழுக்களும் அடுத்த பருவத்தில் சேர்த்துக் கொடுப்பது, அதுவரை பொது நிதி பொறுப்பு என்று முடிவாயிற்று. பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் சேகரிப்பவர்கள் கூப்பிடும் பெயர் ஒன்று எழுத வேண்டும். டாக்டரம்மா கேட்டார். அக்கா ஒரு பெயர் சொன்னாள். அது இடங்களுக்கு வைக்கிற பெயராக இல்லை. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்றே டிரைவர் நாற்காலி போட்டு ஏறி முப்பத்தொன்றாம் வில்லையைக் கழற்றினார். குழுத் தலைவரின் கடமை அது.

அனுமதியில்லாமல் எடுத்த விதையை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட வேண்டும், சாட்சிக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். இதுவும் விதிதான். அதற்கு இந்த முறை முறைப்படி அனுமதி வாங்கப் போனோம். நகராட்சிக் குமாஸ்தா, விதை எடுக்கவா என்று கேட்டார். இல்லை, போட என்றேன். போடுவதற்குப் படிவம் இல்லையே என்று அவர் வெகுநேரம் தேடினார். கடைசியில் எடுப்பதற்கான படிவத்திலேயே ஒரு சொல்லை அடித்துத் திருத்திக் கொடுத்தார்.

ஒரு பிற்பகல் நாங்கள் மூவரும் போனோம். இரண்டே கால் கிலோ விதையோடு அக்கா ஆற்று மணலைக் கலந்திருந்தாள், கையில் அளவு நிற்க. அந்த விதை முளைக்க இரண்டு மழைக்காலம் ஆகும். ஒப்பந்தம் தரும் அவகாசம் ஒரு வருடம். மூவருக்கும் அது தெரியும்.

டிரைவர் செருப்பைக் கழற்றி விட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும் தங்கச்சி?"

"நீங்க சுவத்துலேருந்து வாங்க. நான் தண்டவாளத்துப் பக்கமிருந்து வர்றேன். ஒரு சாண் விடாதீங்கண்ணே. எதுன்னு தெரியாது."

இருவரும் எதிரெதிர் முனையிலிருந்து தூவிக்கொண்டு வந்தார்கள். பேருந்தை இருபது வருடம் வேகமாக ஓட்டிய மனிதர் அன்று ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்து, பாதத்தின் முன்பாதியை மட்டும் ஊன்றி நடந்தார். அக்கா குனிந்தபடி, இடது கையில் வாளி, வலது கையை வயிற்றுக்கு அருகே வைத்து வீசிக்கொண்டு வந்தாள். முணுமுணுத்தாள். எண்ணுகிறாளோ என்று நினைத்தேன். அருகில் வந்தபோது கேட்டது: பட்டியலில் எழுதிய அந்தப் பெயரை, ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு முறை, யாரையோ வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள்.